தகரக் கூடமும் 4×5 கேமராவும்: 24,340 ராண்ட் போன கதை

4×5 அங்குல ஷீட் பிலிம் (ரோலாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) போடுகிற பெரிய கேமரா ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022-இல் நான் அந்த யோசனையில் இருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதைப் பற்றித் தமிழில் உட்கார்ந்து பேச எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. தனியாக முடிவெடுத்தேன், பணத்தைக் கட்டினேன், பெட்டியைப் பிரித்த பிறகு வந்த சிக்கல்களையும் தனியாகத்தான் சமாளித்தேன். பணம் போனது ஒரு பக்கம். எந்தக் கட்டடத்துக்காக அந்தக் கேமராவை வாங்கினேனோ, அதை ஒழுங்காக ஒரு படம் எடுப்பதற்குள் இடித்துவிட்டார்கள். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். 2013-இல் டர்பன் வந்தேன், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு நிவாரணச் சாமான் கொடுக்கப் போன இடத்தில்தான், டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலைப் பார்த்தேன். கோயில் பிற்பாடு செங்கல்லில் கட்டியது. பக்கத்தில் இருந்த கூடம் மட்டும் பழசு. மரச் சட்டத்தில் நெளித்தகரம் அடித்துக் கட்டியது. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்தது தொடங்கி 1911 வரை, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக இந்த மண்ணுக்கு வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து போட்ட கூடம் அது. வாசலுக்கு மேலே, கூரையின் முக்கோண முகப்பு முழுக்க, நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒரு பவுன், இன்னொருவர் பத்து ஷில்லிங் என்று எதிரில் தொகை. பெயிண்ட் உரிந்து, சில எழுத்துகள் தகரத்தின் நெளிவில் பாதிதான் தெரிந்தன.

அங்கே இருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, மேலே காட்டினார். "தம்பி, மூணாவது வரி எங்க தாத்தா. எனக்குப் படிக்கத் தெரியாது. எண்ணித்தான் தெரியும்." மேலிருந்து எண்ணினால் மூன்றாவது என்று அவருடைய பாட்டி சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். வெள்ளத்தில் அடித்தூண்கள் உளுத்துப்போனதால் கூடத்தை அடுத்த வருடம் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகவும் அவரே சொன்னார்.

அன்றைக்கு வண்டி ஓட்டி வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இதைப் பெரிய நெகட்டிவில் எடுக்க வேண்டும் என்று. 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிட்டால் 4×5 நெகட்டிவின் பரப்பு சுமார் 13 மடங்கு. ஆளுயரப் பிரிண்ட் போட்டாலும் அந்தப் பெயர்களைப் படிக்கலாம். அது சரியான ஆசைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. தவறு அடுத்த மூன்று மாதத்தில் நடந்தது. கூடத்தைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டுக் கேமராக்களைப் பற்றி நினைக்கத் தொடங்கினேன். ராத்திரி பதினொரு மணி வரை விலைப் பட்டியல். லின்ஹாஃப் டெக்னிகா என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஜெர்மனியின் முனிச் நகரத்தில் செய்வது, முழுக்க உலோகம், மூடினால் ஒரு கனத்த பெட்டி, திறந்தால் கடிகாரம் மாதிரி துல்லியம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாங்குகிறோம், நல்லதாகவே வாங்கிவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை நீங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். என் மனைவி அப்போதே கேட்டாள்: "ஏங்க, அந்தக் கூடத்தை எடுக்கத்தானே கேமரா? அதுக்கு எது வேணும்னு யாரையாவது கேட்டீங்களா?" கேட்கவில்லை.

எது வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு அட்டை போதும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஷீட் பிலிமில் படம் விழுகிற பகுதி ஏறக்குறைய 95 மி.மீ.க்கு 120 மி.மீ. அந்த அளவுக்கு ஒரு அட்டையில் செவ்வகமாக வெட்டி எடுத்துவிட்டு, அட்டையைக் கண்ணிலிருந்து 150 மி.மீ. தள்ளிப் பிடித்தால், 150 மி.மீ. லென்ஸ் பார்க்கிற காட்சி ஓட்டைக்குள் தெரியும். 90 மி.மீ. தள்ளிப் பிடித்தால் 90 மி.மீ. லென்ஸின் அகலமான காட்சி. ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அளவு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடத்துக்கு எதிரே ஒற்றை வண்டி போகிற மண்பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. பின்னால் போக இடமே இல்லை. அட்டையோடு போயிருந்தால் இரண்டு விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்: ஒன்று, 90 மி.மீ. லென்ஸ் இல்லாமல் வேலை நடக்காது. இரண்டு, பெயர்கள் எல்லாம் உயரத்தில் இருப்பதால் லென்ஸை நன்றாக மேலே தூக்க வேண்டியிருக்கும். பெரிய கேமராவின் வசதியே அதுதான். கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் சுவர்கள் மேலே போகப் போகக் குவிந்து, கட்டடம் பின்னால் சாய்வது போல ஆகிவிடும். கேமராவை நேராகவே வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் உயர்த்தினால் சுவர் சுவராகவே நிற்கும்.

செப்டம்பரில் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு விற்பனையாளரிடம் டெக்னிகா 5, கூடவே 150 மி.மீ. லென்ஸ், எல்லாம் சேர்த்து 46,000 ராண்டுக்கு வாங்கினேன். நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரே வரி. நானும் நம்பினேன். கூரியருக்கு 2,900. அப்புறம் வரி. தென்னாப்பிரிக்காவில் வாட் 15 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு, அதன் மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகை மேல்தான் 15 சதவீதம் போடுவார்கள். 46,000 என்பது 50,600 ஆகி, அதற்கு வாட் 7,590. கணக்குப் பார்க்கிறவன் நான், என் வீட்டுக் கணக்கில் இதைப் போடாமல் விட்டேன். அதோடு, பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஒரு விதி இங்கே இருக்கிறது. பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அதைக் கேட்டார்கள். விண்ணப்பம், விளக்கக் கடிதம், மறுபடி விண்ணப்பம் என்று ஐந்து வாரம் பெட்டி கிடங்கில் கிடந்தது. கிடங்கு வாடகை 1,400, கிளியரன்ஸ் கட்டணம் 850. பழைய கேமராவை வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: திருப்பி அனுப்ப விற்பனையாளர் கொடுத்த அவகாசம், அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். பெட்டி கிடங்கை விட்டு வெளியே வருவதற்குள் அது முடிந்துபோயிருந்தது. பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

கேமராவைக் கையில் எடுத்த அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். முன்கதவைத் திறந்ததும் அது அப்படியே தாழ்ந்து படுக்கையாகிறது. தண்டவாளத்தில் லென்ஸை முன்னால் இழுத்தால், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே வெளிச்சம் புகாமல் மூடுகிற துருத்தி, அதாவது பெல்லோஸ், மடிப்பு மடிப்பாக விரிகிறது. பின்னால் கண்ணாடியில் எங்கள் ஹால் தலைகீழாகத் தெரிந்தது. பையன் கறுப்புத் துணிக்குள் என்னோடு தலையை விட்டு, மின்விசிறி தரையில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நவம்பரில் முதல்முறையாக அதைத் தூக்கிக்கொண்டு போனேன். 90 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தனியாக 6,800-க்கு உள்ளூரிலேயே வாங்கியிருந்தேன். எஃப் 22 என்கிற சின்ன துவாரத்தில் அது 216 மி.மீ. வட்டத்துக்குப் படம் விழச் செய்யும், 4×5-இன் மூலைவிட்டமோ சுமார் 153 மி.மீ.தான், ஆகவே உயர்த்துவதற்கு லென்ஸில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் கேமராவில் இடமில்லை. 90 மி.மீ. லென்ஸை தூரத்துக்கு ஃபோகஸ் செய்யும்போது அது பிலிமுக்கு அவ்வளவு அருகில் நிற்கிறது. பெட்டியின் வாயை ஒட்டியே. கொஞ்சம் உயர்த்தினேன், பெட்டியின் மேல் விளிம்பு தடுத்துவிட்டது. வெயிலில் கறுப்புத் துணிக்குள் நின்றுகொண்டு அந்தக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். படத்தில் பெயர்களின் முதல் வரியும் கூரை முனையும் வெளியே நின்றன. 1972-இல் வந்த மாஸ்டர் டெக்னிகாவில் இதற்காகவே பெட்டியின் மேல்பக்கம் ஒரு சின்ன மடக்குக் கதவு வைத்தார்கள், அதைத் திறந்தால் லென்ஸ் மேலே போகும். நான் வாங்கியது அதற்கு முந்திய மாடல். கேமராவில் ஒரு குறையும் இல்லை, அது செய்யப்பட்ட வேலை வேறு. கையில் பிடித்துக்கூடப் படம் எடுக்கலாம் என்பதற்காக அதில் தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்ய ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகப் பொருத்திய கேம் தகடு வேண்டும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் நான் பணம் கொடுத்தேன். ஒரு நாள்கூட அதைப் பயன்படுத்தவில்லை.

சுற்றுவழி இருக்கிறது. கேமராவை அண்ணாந்து வைத்துவிட்டு, லென்ஸையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக நேர்ப்படுத்தினால் உயர்த்தியதற்குச் சமம். டிசம்பரில் அப்படிச் செய்து பார்த்தேன். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது, பாதி வெளிச்சம் போய்விட்டது.

அதற்குள் அடுத்த சிக்கல் வந்திருந்தது. கழுவிய நெகட்டிவ்களில் கறுப்பாகப் புகை படிந்தது போல ஒரு திட்டு. பிரிண்டில் அது வெள்ளையாக விழும். ஒரு ஷீட்டில் இடது ஓரம், அடுத்ததில் நடுவில், சிலவற்றில் இல்லவே இல்லை. ஷீட்டைப் போட்டுக் கேமராவின் பின்னால் செருகுகிற பிலிம் ஹோல்டரில் வெளிச்சம் கசிகிறது என்று நினைத்து இரண்டு பழைய ஹோல்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். திட்டு நிற்கவில்லை. இதில் நான் கற்றது: ஹோல்டர்களுக்கெல்லாம் எண் போட்டு, எந்த ஷீட் எதில் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஹோல்டரில் கசிந்தால் அதே ஹோல்டரில், அதே ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும். இடம் மாறி மாறி வந்தால் பெல்லோஸைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அது வெயில் விழும் பக்கத்தையும் பெல்லோஸை எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது. சோதிப்பது சுலபம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, பெல்லோஸை முழுக்க விரித்து, பின்பக்கமாக ஒரு சின்ன டார்ச்சை உள்ளே விட்டு, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். என் கேமராவில் மடிப்புகளின் மூலைகளில் ஊசிமுனை அளவுக்குப் பதினேழு ஓட்டை. ஒவ்வொன்றாகச் சாக்பீஸால் குறித்தபோது எனக்கு அழுகை வந்தது. வாங்கிய அன்றைக்கே இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருக்கலாம். அதைவிட, பணம் கட்டுவதற்கு முன்பே டார்ச் போட்ட பெல்லோஸின் வீடியோ ஒன்றைக் கேட்டிருக்கலாம். நல்ல விற்பனையாளர் அனுப்புவார். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

அதோடு சேர்த்து ஷட்டரின் சத்தத்தையும் கேளுங்கள். ஒரு வினாடியில் வைத்துத் தட்டச் சொல்லி, போனில் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளக்கலாம். எனக்கு வந்த 150 மி.மீ. லென்ஸில் ஒரு வினாடி என்பது ஒன்றே முக்கால் வினாடியாக இழுத்தது. மெதுவான வேகங்கள்தான் முதலில் கெடும். நமக்கோ சின்ன துவாரம் வைத்து எடுக்கும்போது அந்த வேகங்கள்தான் வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சைக் காளான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டர்பன் ஈரத்தில் அது வேகமாகப் பரவும். நான் இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் லென்ஸ்களை வைக்கிறேன்.

லோட் ஷெடிங்கைப் பற்றியும், அதாவது நேரம் குறித்துச் செய்த மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அப்போது இந்த நாட்டில் பிலிம் போட்டவர்களுக்கு அது தனிப் பாடம். கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் தெருவே இருட்டு, குளியலறையில் பிலிம் லோடு செய்ய அதைவிட நல்ல நேரம் இல்லை என்று நினைத்தேன். ஷீட்டின் மூலையில் இருக்கிற வெட்டுக்குறியை விரலால் தடவி, அது வலது மேல் மூலையில் வருகிறபடி பிடித்து, ஒவ்வொன்றாக ஹோல்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். கரண்ட் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. விளக்கு ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருக்கிறேன். பளீரென்று வெளிச்சம், கையில் ஒரு ஷீட், திறந்த பெட்டியில் பதினாறு. ஒரு ஷீட் எனக்கு 64 ராண்ட் விழுந்தது, 25 ஷீட் பெட்டி 1,600 என்ற கணக்கில். 1,088 ராண்ட் ஒரு நொடியில் போனது. இப்போது ஸ்விட்சை நம்புவதில்லை, பல்பையே கழற்றிவிடுகிறேன். எடுக்காத பிலிம் உள்ள ஹோல்டரில் இழுத்து எடுக்கிற மூடித் தகட்டின் வெள்ளை ஓரம் வெளியே, எடுத்து முடித்ததற்குக் கறுப்பு ஓரம் வெளியே, இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோடையில் குழாய்த் தண்ணீர், பிலிமைக் கழுவ வேண்டிய 20 டிகிரிக்கு நன்றாக மேலே இருக்கும். டெவலப்பர் கரைசலை ஐஸ் போட்ட வாளியில் வைத்துக் குளிர வைத்த பிறகு தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் நம்மைச் சுற்றி யார் வருகிறார்கள் என்று தெரியாது, பக்கத்தில் விலை உயர்ந்த சாமான் திறந்து கிடக்கும். தனியாகப் போகாதீர்கள். என்னோடு எப்போதும் ஒரு நண்பர் வருகிறார், வண்டிச் சாவி அவர் பையில்தான் இருக்கும்.

ஜனவரியில் பெல்லோஸை மாற்றக் கேமராவை அனுப்பினேன், செலவு 4,600. மார்ச்சில் திரும்பி வந்தது. கூடத்தைப் பிப்ரவரியிலேயே பிரித்துவிட்டார்கள். பெரியவர் போன் செய்து சொன்னார், நான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், ஒன்றும் பேச முடியவில்லை. "பரவாயில்லை தம்பி, நீங்க போன்ல எடுத்ததுதான் இருக்கே" என்றார். முதல் நாளே போனில் ஒவ்வொரு வரியாக எடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை. பெயர்கள் போகவில்லை. ஆனால் கூடம் முழுசாக நிற்கிற படம் என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு நெகட்டிவ். அதில் முதல் வரி வெட்டுப்பட்டிருக்கிறது, வலது பக்கம் தொகைகள் இருக்கிற இடத்தில் புகைத் திட்டு. மூன்றாவது வரி தெளிவாக இருக்கிறது.

டெக்னிகாவை ஜூனில் விற்றேன். மலையும் கடலுமாக எடுக்கிற ஒருவர் கேப் டவுனிலிருந்து வாங்கினார், அவர் கைக்கு அது பொருத்தமான கேமரா. பெல்லோஸ் மாற்றியது முதல் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கியது, கூரியர், வாட், கிளியரன்ஸ், கிடங்கு, பெல்லோஸ் எல்லாம் சேர்ந்து 63,340. விற்றது 39,000. கெட்டுப்போன பிலிமும் பெட்ரோலும் இதில் சேராது.

அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு, ஜோகன்னஸ்பர்க்கில் மூடிய ஒரு விளம்பரப் பட ஸ்டுடியோவிலிருந்து சினார் எஃப்2 என்ற 4×5 கேமரா ஒன்றை 9,500-க்கு வாங்கினேன். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து டார்ச் போட்டுப் பார்த்து, எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ஒரே தண்டில் லென்ஸ் ஒரு பக்கம், பிலிம் ஒரு பக்கம், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. டிஜிட்டல் வந்த பிறகு ஸ்டுடியோக்கள் கைவிட்ட கேமராக்கள் இவை, அதனால்தான் இந்த விலை. மடக்கிப் பையில் போட முடியாது, பெரிய பெட்டி வேண்டும். வண்டியிலிருந்து பத்தடியில் நின்று எடுக்கிற எனக்கு அது ஒரு பொருட்டில்லை. 90 மி.மீ. லென்ஸை உயர்த்த, மடிப்பு இல்லாமல் பை போலத் தொளதொளவென்று இருக்கிற பெல்லோஸ் தனியாக வேண்டும், அது 1,700. டெக்னிகாவுக்காக என் லென்ஸ்களை மாட்டியிருந்த 96-க்கு 99 மி.மீ. போர்டுகளை அப்படியே பொருத்த ஒரு அடாப்டர் 900. மொத்தம் 12,100. முதல் நாளே இதை வாங்கியிருந்தால் கூடத்தை எடுக்க எனக்கு நான்கு மாதம் இருந்திருக்கும்.

பெரியவர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். கூடம் இருந்த இடத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய மடைப்பள்ளியையும் புரட்டாசி விரதம் முடிந்ததும் இடிக்கப்போகிறார்களாம். கரிபடிந்த தகரச் சுவர், செங்கல் அடுப்பு, மேலே புகைபோக்கி. ஞாயிற்றுக்கிழமை அட்டையும் நூலுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், 90 மி.மீ.தான், புகைபோக்கிக்கு லென்ஸை நன்றாக உயர்த்த வேண்டும். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறோம். ஆறு ஹோல்டர்களில் பன்னிரண்டு ஷீட், எல்லாம் வெள்ளை ஓரம் வெளியே.